ராய்ஸ்டன் பாடாமல் விட்ட பாட்டு

ராய்ஸ்டன் சக்டன் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் குழி வெட்டினான். அதில் முதல் ஆறு வருஷம் எங்கள் ராக் குழுவில் பாடவும் செய்தான். குழி வெட்டுகிறவன் சாவைப் பற்றிப் பாடுகிறான் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவனுக்கே வரும்.

"புஸ்தகத்துல வர்ற குழிவெட்டி எல்லாம் கையில லாந்தர் வச்சிருப்பான், மூக்கு முட்டக் குடிச்சிருப்பான், பாதி பைத்தியமா இருப்பான். என்கிட்ட இருக்கறது நகராட்சி குடுத்த மஞ்சச் சட்டையும் ஒரு பிளாஸ்க் டீயும். என்னப் பத்தி எவன்டா பாட்டு எழுதுவான்?" என்பான்.

நான் அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன். பெயர் க்ளைவ். பகலில் கம்பளக் கிடங்கில் வேலை. டிரம்ஸ் வாசித்த டோனிக்கு பஸ் டிப்போவில் வேலை. மெட்டமைத்து கிட்டார் வாசித்த ரஸ்ஸல் லம் சாயப்பட்டறையில் இருந்தான். அவன் விரல் நகங்களில் வாரத்துக்கு ஒரு நிறம் ஒட்டியிருக்கும். ராய்ஸ்டனும் அவனும் ஐந்து வயதிலிருந்து ஒரே வகுப்பு, ஒரே தெரு. யார்க்‌ஷரில் ஹாலிஃபாக்ஸுக்கு மேலே இருக்கும் எங்கள் ஆக்டென்ஷாவில் தெருக்களே அதிகம் இல்லை. அதனால் அது பெரிய விஷயமில்லை என்று டோனி சொல்வான். ஆனால் அவர்கள் இருவரையும் பார்த்தால் பெரிய விஷயமாகத்தான் தெரியும்.

தொண்ணூற்றிரண்டில் தேவாலயத்தில் பழைய சாமான் விற்பனை நடந்தது. அங்கிருந்து ராய்ஸ்டன் அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வந்தான். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கோதிக் கதைகள். இடிந்த மாளிகை, பூட்டிய அறை, நிலவறையில் சவப்பெட்டி, செத்தும் போகாத மனைவி. குளிர்காலம் முழுக்க அதைப் படித்தான். வேலை இடைவேளையில் கருவி வைக்கும் கொட்டகையில் உட்கார்ந்து, ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கம் புரட்டுவான். வசந்தம் வந்தபோது அவன் கையில் ஒரு முழுக் கதை இருந்தது. பொட்டல் மேட்டில் ஒரு பிரபுவின் வீடு, அதில் ஒன்பது அறைகள். மனைவி செத்துப்போகிறாள். அவர் அவளை விட மனமில்லாமல் அறை அறையாகத் தேடிக்கொண்டு போகிறார். அறைக்கு ஒரு பாட்டு. ஒன்பதாவது அறை, வீட்டுத் தேவாலயத்துக்கு அடியில் இருக்கும் பிண அறை. அங்கே பெட்டியைத் திறந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். "எழுந்திரு, மண் உன் வீடல்ல" என்று மூன்று முறை. மூன்றாவது முறை அவள் கண்ணைத் திறக்கிறாள். அத்தோடு இசைத்தட்டு முடிகிறது.

தட்டுக்கு 'ஒன்பது அறைகள்' என்று பெயர் வைத்தோம். ரஸ்ஸல் வீட்டு நிலக்கரி அறையில் ஒத்திகை. தரைக்கு அடியில் இருந்ததால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லையில்லை. மேலே சமையலறையில் இருந்த அவன் அம்மா மேவிஸ் லம் மட்டும் எல்லாவற்றையும் கேட்டார். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைப்பவர். கணவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. ஒன்பது மணியானால் துடைப்பக் கட்டையால் தரையில் தட்டுவார். நாங்கள் மேலே போனால் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் டீயும் மேஜையில் இருக்கும்.

"ஏன் கண்ணு, ஒன்பது பாட்டு எழுதியிருக்கியே, ஒருத்தராவது உயிரோட இருக்காங்களா?" என்று ஒருநாள் ராய்ஸ்டனைக் கேட்டார்.

"ஏழாவது பாட்டுல ஒரு குதிர இருக்கு, மிஸஸ் லம்."

"அப்பாடா."

"எட்டாவதுல செத்துடுது."

ரஸ்ஸல் டீயைத் துப்பிவிட்டான். மிஸஸ் லம் அவன் தலையில் துணியால் ஒரு அடி போட்டார்.

லண்டனில் ஒரு சின்னக் கம்பெனி எங்கள் மாதிரி ஒலிநாடாவைக் கேட்டு ஒப்பந்தம் அனுப்பியது. படிக்காமலே கையெழுத்துப் போட்டோம். பிராட்ஃபோர்டில் எட்டுப் பாட்டைக் குரலோடு பதிந்து முடித்தோம். ஒன்பதாவதுக்கு வாத்தியங்கள் மட்டும் ஆகியிருந்தன. நடுவில் தொண்டை கட்டிக்கொண்டதால், அடுத்த வாரம் வந்து பாடுகிறேன் என்று ராய்ஸ்டன் சொல்லியிருந்தான்.

அந்த வாரக் கடைசியில்தான் அட்டைப் படம் எடுக்கப் போனோம். தொண்ணூற்று மூன்று அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் ராய்ஸ்டன். ஊருக்கு மேலே பொட்டல் மேட்டில் பாழடைந்து கிடந்த பெரிய கல் வீடு. கூரை பாதி போய்விட்டது. "நம்ம பிரபு வீடு இதேதான்டா" என்று எங்களை இழுத்துப்போனான். மூடுபனி நன்றாக இறங்கியிருந்தது. லண்டனிலிருந்து வந்த புகைப்படக்காரருக்கு ஒரே சந்தோஷம். எங்களைச் சுவரோரம் நிறுத்தி எடுத்தார். அது ராய்ஸ்டனுக்குப் பிடிக்கவில்லை.

"நாலு பேரும் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்கு. ரஸ்ஸல், நீ மேல போ. அந்த ஜன்னல்ல நில்லு."

"தரை எப்படி இருக்கோ."

"உன்ன மாதிரி எலும்புக்கூட்ட எந்தத் தரைடா தாங்காது? போ."

ரஸ்ஸல் சிரித்துக்கொண்டே போனான். மாடி ஜன்னலில் அவன் வெளிறிய முகமும் நீண்ட முடியும் தெரிந்தபோது எனக்கே முதுகு சில்லிட்டது. படம் எடுத்தார்கள். "கொஞ்சம் பின்னால போ, முகம் பாதி இருட்டுல இருக்கட்டும்" என்று ராய்ஸ்டன் கத்தினான். ரஸ்ஸல் பின்னால் நகர்ந்தான். கேமரா சொடுக்கியது. மரம் முறிகிற சத்தம் கேட்டது. ஜன்னல் காலியாக இருந்தது.

மாடித் தரை, அதன் கீழே இருந்த தரை, இரண்டும் பிளந்து அடியில் இருந்த அறையில் கிடந்தான். ராய்ஸ்டன் ஓட்டை வழியாகவே கீழே குதித்தான். நான் இரண்டு மைல் தள்ளி இருந்த சாராயக்கடைக்குத் தொலைபேசி தேடி ஓடினேன். ஆம்புலன்ஸோடு திரும்பியபோது ராய்ஸ்டன் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்திவிட்டு, ஈர மண்ணில் அவன் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். ரஸ்ஸல் கால் மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தான். ஏதாவது சொன்னானா என்று பிற்பாடு கேட்டேன். "குளிருதுன்னான். அவ்வளவுதான்" என்றான் ராய்ஸ்டன்.

போலீஸ்காரரோடு மிஸஸ் லம் வீட்டுக்கு அவனே போனான். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"மேல எதுக்குப் போனான்?"

"போட்டோவுக்கு."

பொய் இல்லை. ஆனால் முழுசும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவனைத் தின்னத் தொடங்கிவிட்டது என்பதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

குழியைத் தானே வெட்டுவதாகச் சொன்னான். மேலதிகாரி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தோண்டும் எந்திரத்தைத் தொடாமல், புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிவிட்டு மண்வெட்டியால் வெட்டினான். ஐந்தடிக்குக் கீழே மஞ்சள் களிமண், அதற்கும் கீழே பாறைச் சில்லு. ஊற்று நீர் வேறு கசிந்தது. இரண்டு நாள் ஆயிற்று. நான் டீ கொண்டுபோனபோது பக்கவாட்டில் பலகை அடைத்து, அடியில் நின்று வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

"போதும்டா, மேல வா."

"தண்ணில வைக்க முடியாது க்ளைவ். குளிருதுன்னான்ல."

சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு மண்ணைத் தள்ளி மூடியதும் அவன்தான். கோட்டும் டையும் போட்டுக்கொண்டே மூடினான்.

மூன்று வாரம் கழித்து கம்பெனியிலிருந்து ஜூலியன் என்பவர் வந்தார். மெல்லிய குரல், நல்ல மேலங்கி. தேநீர்க்கடையில் எங்கள் மூவரையும் உட்கார வைத்து வருத்தம் தெரிவித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒன்பதாவது பாட்டுக்குக் குரல் வேண்டும்.

"நான் பாடலை" என்றான் ராய்ஸ்டன்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுதுங்க. ஆனா அந்த வருத்தம் குரல்ல வந்துச்சுன்னா..."

"வார்த்தையப் படிச்சீங்களா? எழுந்திரு, மண் உன் வீடல்லன்னு இருக்கு. அது அவன் வீடு இல்லன்னு நான் எப்படிங்க பாடுவேன்? நான்தானே கட்டிக்குடுத்தேன்."

டோனி எழுந்து வெளியே போய்விட்டான். பாட்டு குரல் இல்லாமலே வரட்டும் என்று கடைசியில் ஜூலியன் ஒத்துக்கொண்டார். அப்போதே அவர் மனசில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஏப்ரலில் தட்டு வெளிவந்தது. அட்டையில் மூடுபனி, பாழடைந்த வீடு, மாடி ஜன்னலில் ரஸ்ஸல். ராய்ஸ்டன் பின்னால் போகச் சொன்ன பிறகு எடுத்த படம். முகம் பாதி இருட்டில் இருந்தது. கீழே சின்ன எழுத்தில் 'அவன் கடைசியாக நின்ற இடம்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

ராய்ஸ்டன் லண்டனுக்கு ரயிலேறினான். ஜூலியனின் மேஜைக்கு முன்னால் நின்று கெஞ்சினான். அவன் வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. படங்களின் உரிமை கம்பெனிக்கு என்று ஒப்பந்தத்தில் இருப்பதை ஜூலியன் விரலால் தொட்டுக் காட்டினார். கீழே எங்கள் நாலு கையெழுத்தும் இருந்தன, ரஸ்ஸலுடையதும் சேர்த்து.

மிஸஸ் லம் அதை ஹாலிஃபாக்ஸில் இசைத்தட்டுக் கடைக் கண்ணாடியில் பார்த்தார். பஸ்ஸுக்கு நடந்து போகிற வழி. வரிசையாக முப்பது தட்டுகள், முப்பது ஜன்னல்கள், முப்பதிலும் அவர் பிள்ளை. கடைக்காரர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாராம்.

அன்று சாயங்காலம் ராய்ஸ்டன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினான். நானும் கூடப் போயிருந்தேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை.

"இந்தப் படத்த நீயாப்பா குடுத்த?"

"இல்ல, மிஸஸ் லம். ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அவன் ஒரு படி கீழே இறங்கி நின்றான். "அவன மேல போகச் சொன்னது நான்தான். அவன் தரை எப்படி இருக்கோன்னு கேட்டான். நான் கிண்டல் பண்ணி அனுப்பினேன். பின்னால போன்னு சொன்னதும் நான்தான்."

அவர் கொஞ்ச நேரம் அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். அப்புறம் கதவைச் சாத்தினார். சத்தமே வராமல் சாத்தினார்.

குழு அதோடு முடிந்தது. ராய்ஸ்டன் அதன்பிறகு எங்கும் பாடவில்லை. தேவாலயத்தில்கூட வாய் திறக்காமல் நிற்பான். ஆறு வருஷம் மிஸஸ் லம் தெருவில் அவனைக் கண்டால் எதிர்ப் பக்கம் போய்விடுவார்.

தட்டு முதலில் அவ்வளவாக விற்கவில்லை. சாபம் பிடித்த தட்டு என்று ஒரு பத்திரிகை எழுதியது. பிறகு கணினி வழியே எங்கெங்கோ பரவியது. ஜெர்மனி, போலந்து, பிரேசில். கறுப்புக் கோட்டு போட்ட பிள்ளைகள் ஆக்டென்ஷாவுக்கு பஸ்ஸில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். ரஸ்ஸலின் கல்லறையில் கறுப்பு மெழுகுவத்தி ஏற்றினார்கள், சிவப்பு ஒயினைக் கொட்டினார்கள். நினைவுக்கல்லின் மூலையை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். சிலர் சின்னச் சீசாவில் மண்ணை அள்ளினார்கள். பாட்டு வரிகள் தட்டோடு வந்த சிறு புத்தகத்தில் அச்சாகியிருந்தன. யாரோ ஒருவர் ஆணியால் கல்லில் 'எழுந்திரு' என்று கீறிவிட்டுப் போயிருந்தார்.

இதையெல்லாம் சுத்தம் செய்கிற வேலை யாருடையது? ராய்ஸ்டனுடையதுதான். திங்கட்கிழமை காலையில் மெழுகைச் சுரண்டுவான், சீசாக்களைப் பொறுக்குவான். முடியெல்லாம் கொட்டி, மஞ்சள் சட்டையில் நிற்கிறவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒருமுறை ஒரு பெண் அவனிடமே கேட்டிருக்கிறாள்.

"அண்ணே, அந்தப் பாடகர் இன்னும் இந்த ஊர்லதான் இருக்காராமே? எப்படி இருப்பார்?"

"ரொம்பச் சாதாரணமான ஆளும்மா. பாத்தா ஏமாந்துடுவ" என்று சொல்லி, கீழே கிடந்த சீசாச் சில்லுகளைப் பார்த்து நடக்கச் சொன்னானாம்.

இரண்டாயிரத்தில், பிப்ரவரி மாதம் ஒரு காலை, வேலைக்குப் போனவன் கல்லறை தோண்டப்பட்டிருப்பதைப் பார்த்தான். இரண்டடி ஆழம். புல்லைத் தாறுமாறாகக் கிழித்திருந்தார்கள். தோட்ட வேலைக்கு வைத்திருக்கும் சின்ன மண்வாரியால் தோண்டியிருந்தார்கள். மூடிய மண்ணில் களிமண்ணும் பாறைச் சில்லும் கலந்திருக்கும் என்று தெரியாத யாரோ களைத்துப்போய் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ராய்ஸ்டன் போலீஸுக்குச் சொல்லி அனுப்பினான். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. யாரும் பிடிபடவில்லை.

அவன் நேராக மிஸஸ் லம் வீட்டுக்குப் போனான். இந்த முறை காத்திருக்கவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். எவ்வளவு ஆழம் தோண்டியிருந்தார்கள், ரஸ்ஸலை அவர்களால் தொட முடியவில்லை, அவன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறான் என்பதெல்லாம். அவர் கேட்டுக்கொண்டு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போனார்கள். தெருவே பார்த்தது.

அவர் குழியைப் பார்த்தார். கல்லில் இருந்த கீறலைக் கையால் தடவினார்.

"இந்தக் கல்ல எடுத்துடலாமா?"

"நீங்க எழுதிக் குடுத்தா எடுக்கலாம். ஆனா பேரே இல்லாமப் போயிடும், மிஸஸ் லம்."

"அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியணும்?"

மார்ச்சில் கல்லை எடுத்தார்கள். மேலே புது ஒட்டுப்புல் விரித்தான். பக்கத்தில் பழைய கல்லறைகளும் இருந்ததால் ஒரு கோடைக்குப் பிறகு இடமே தெரியவில்லை. பிள்ளைகள் வந்து கேட்டால், "கல்ல எடுத்துட்டாங்கப்பா, எனக்கும் இடம் சரியா நினைப்பில்ல" என்று சொல்லிவிடுவான். தேடிவிட்டுப் போய்விடுவார்கள். நாளடைவில் வருவதே குறைந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸஸ் லம்முக்குக் கரி அள்ளிப்போடுவதும் சாக்கடையைப் பார்ப்பதும் அவன் வேலையாயிற்று. அவர் அவனை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததாக ராய்ஸ்டனும் சொன்னதில்லை. டீ கொடுப்பார். "உன் முட்டிய டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று திட்டுவார். ரஸ்ஸலைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜனவரியில் அவர் நிமோனியாவில் போனார். அதே குழியில் பிள்ளைக்கு மேலேயே தன்னை வைக்க வேண்டும், வேறு யாரும் குழியைத் திறக்கக் கூடாது, ராய்ஸ்டன்தான் திறக்க வேண்டும் என்று வக்கீலிடம் எழுதி வைத்திருந்தார். அது தண்டனையா, நம்பிக்கையா? ராய்ஸ்டனிடம் கேட்டேன்.

"ரெண்டும் இருக்கலாம். அவங்க எதையும் வீணாக்க மாட்டாங்க" என்றான்.

நாற்பத்து நாலு வயதில், வளையாத முட்டியோடு, மறுபடி எந்திரம் இல்லாமல் வெட்டினான். உறைபனியில் மேல்மண் கல்லாகிக் கிடந்தது. நானும் டோனியும் மேலே நின்று வாளியை இழுத்துக் கொடுத்தோம். நாலடி தாண்டியதும் எங்களைத் தள்ளிப் போகச் சொன்னான். கொஞ்ச நேரம் மண்வெட்டிச் சத்தம் இல்லை. பிறகு கையால் மண்ணைச் சமன்படுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. மேலே ஏறி வந்தபோது முகமெல்லாம் களிமண். அவன் என்ன பார்த்தான் என்று நாங்கள் கேட்கவில்லை.

பழைய கம்பெனி கைமாறி, புது ஆட்கள் வந்திருந்தார்கள். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் அவர்கள் 'ஒன்பது அறைகள்' தட்டை மறுபடி வெளியிட வேண்டும் என்று எங்களுக்குக் கடிதம் போட்டார்கள். அதற்குள் ராய்ஸ்டன் முதுகுவலியால் வேலையை விட்டிருந்தான். பழைய குழுவாகச் சேர்ந்து ஒரே ஒரு கச்சேரி, ஒன்பதாவது பாட்டுக்குப் புதிதாகக் குரல் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ராய்ஸ்டன் பதிலில் இரண்டே வரி எழுதினான். பாட மாட்டேன். அட்டைப் படத்தை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். புது அட்டை வெறும் கறுப்பு. அட்டை மொட்டையாக இருக்கிறது, பழைய படம்தான் உயிர் என்று ரசிகர்கள் கணினியில் திட்டித் தீர்த்தார்கள்.

எங்களுக்கு வந்த பிரதியை என் வீட்டு முன்னறையில் போட்டோம். மழை பெய்துகொண்டிருந்தது. ராய்ஸ்டன் அந்தத் தட்டை முழுசாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தன் குரல் வந்த எட்டுப் பாட்டுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தான். "என்ன கத்து கத்தியிருக்கேன் பாரு, கழுத்துல கயிறு மாட்டின ஆடு மாதிரி."

ஒன்பதாவது தொடங்கியது. குரல் இல்லாமல், ரஸ்ஸலின் கிட்டாரை முன்னால் வைத்து ஏழு நிமிஷம். பாதியில் ராய்ஸ்டன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். முடிந்ததும் உள்ளங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாவது நிமிஷத்துல ஒரு இடத்துல தப்பா வாசிச்சிருக்கான்டா" என்றான்.

"அப்படியா? இருபத்தஞ்சு வருஷமா நான் கவனிக்கலையே."

"விரல் வழுக்கியிருக்கு. சாயம் ஒட்டியிருந்திருக்கும். மறுபடி போடு, காட்டறேன்."

போட்டேன்.